1:87 அளவில் மலை ரயில் எஞ்சின்களுக்கான சிறிய ஷெட்டைக் கையால் கட்டுவது பற்றி

கேள்வி: வெலிங்டன்_மீட்டர்கேஜ்

அனைவருக்கும் வணக்கம். நீலகிரி மலை ரயிலை அடிப்படையாகக் கொண்டு 1:87 அளவில் ஒரு மாதிரி ரயில் அமைப்பை வீட்டின் பின்னறையில் கட்டி வருகிறேன். மீட்டர் கேஜில் இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே உள்ள 1000 மில்லிமீட்டரை 87-ஆல் வகுத்தால் 11.5 வருகிறது, கடையில் கிடைப்பது 12 மில்லிமீட்டர் தண்டவாளம் என்பதால் அதையே பயன்படுத்துகிறேன், அந்த அரை மில்லிமீட்டர் வேறுபாடு கண்ணுக்குத் தெரிவதில்லை. குன்னூரையோ வேறெந்த நிலையத்தையோ அப்படியே நகலெடுக்கும் எண்ணம் எனக்கு இல்லை. எஞ்சின் தன் பல்சக்கரத்தால் தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள பல்சட்டத்தைக் கவ்வி ஏறும் பல்சட்டப் பாதை முடிகிற இடத்தில், ஒரு தேயிலைச் சரிவுக்கும் யூகலிப்டஸ் தோப்புக்கும் நடுவில், இருந்திருக்கக்கூடிய ஒரு சிறிய நிலையத்தைக் கற்பனை செய்திருக்கிறேன். காலம் 1960-களின் நடுப்பகுதி.

பாதையும் பிளாட்பாரமும் நிலையக் கட்டடமும் முடிந்துவிட்டன. இப்போது எஞ்சின்களைப் பராமரிக்கும் பகுதிக்கு வந்திருக்கிறேன். அதற்கென ஒதுக்கியிருப்பது 60 சென்டிமீட்டர் நீளமும் 25 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட ஓர் ஓரத் துண்டு. உண்மையளவில் ஏறத்தாழ 52 மீட்டருக்கு 22 மீட்டர். கடையில் கிடைக்கும் ஆயத்தக் கட்டடத் தொகுப்புகள் பெரும்பாலும் ஜெர்மானிய, பிரிட்டிஷ் ஷெட்டுகளைப் பார்த்துச் செய்யப்பட்டவை. செங்கல் சுவரும் செங்குத்தான ஓட்டுக் கூரையும் கொண்ட அந்தக் கட்டடங்கள் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், நம் மலைச்சரிவில் வைத்த உடனே காட்சி வேறு நாட்டுக்குப் போய்விடுகிறது. ஆகவே கருங்கல் சுவரும் நெளித்தகரக் கூரையும் கொண்ட ஒரு ஷெட்டை, முதல் தகட்டிலிருந்து நானே கட்ட விரும்புகிறேன்.

என் சந்தேகங்கள் இவை. ஷெட், எஞ்சினைத் திருப்பும் வட்டமேசை, நிலக்கரி மேடை, தண்ணீர்த் தொட்டி, சாம்பல் குழி ஆகிய அனைத்தையும் இந்த இடத்துக்குள் அடக்க முயன்றால் எதுவும் மூச்சுவிட முடியாமல் நெருங்கி நிற்கிறது. வட்டமேசை மட்டுமே பாதி இடத்தை எடுத்துக்கொள்கிறது. இவற்றில் எதை விடலாம்? வெலிங்டனில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அறைக்குள்ளேயே ஈரம் இறங்குகிறது. அந்தச் சூழலில் சுவருக்கும் கூரைக்கும் எந்தப் பொருள் நீடித்து நிற்கும்? தகரக் கூரையின் நெளிவை இந்த அளவில் நம்பும்படியாகச் செய்வதற்கு என்ன வழி இருக்கிறது? அனுபவமுள்ளவர்கள் விரிவாக எழுதினால் மிகவும் உதவியாக இருக்கும்.

மறுமொழி: மேட்டுப்பாளையம்_ஃபிட்டர்

தம்பி, உங்கள் முயற்சியைப் படித்து மகிழ்ந்தேன். நான் நீராவி எஞ்சின்களோடு வேலை செய்து ஓய்வு பெற்றவன். மாதிரி கட்டும் கலையை அறியேன் என்றாலும், அந்த இடத்தில் என்னென்ன வேலை நடக்கும் என்பதை ஓரளவு சொல்ல முடியும். எஞ்சின் ஷெட் என்பது வேலை நடக்கும் வரிசையால் உருவம் பெறும் இடம். அந்த வரிசை தெளிவானால் எது எங்கே நிற்க வேண்டும், எதற்கு அங்கே வேலையே இல்லை என்பது தானாகத் தெரிந்துவிடும்.

முதலில் வட்டமேசையைத் தாராளமாக விட்டுவிடலாம். கல்லாறிலிருந்து குன்னூர் வரையிலான பல்சட்டப் பாதையில் ஏற்றம் ஏறத்தாழ 12-க்கு 1 என்ற அளவுக்குச் செங்குத்தானது. அங்கே எஞ்சின் எப்போதும் ரயிலின் பள்ளத்துப் பக்கத்தில்தான் இருக்கும். ஏறும்போது பெட்டிகளைப் பின்னாலிருந்து தள்ளும், இறங்கும்போது முன்னால் நின்று தாங்கிக்கொண்டே இறங்கும். இரண்டு வேளையிலும் அதன் புகைபோக்கி மேட்டுப் பக்கத்தையே பார்த்திருக்கும். இதற்கு வலுவான காரணம் உண்டு. பாய்லருக்குள் இருக்கும் தண்ணீர் சரிவுக்கு ஏற்பப் பள்ளத்துப் பக்கம் ஒதுங்கும். தீ எரியும் பெட்டியான ஃபயர்பாக்ஸ் பள்ளத்துப் பக்கத்தில் இருந்தால் அதன் மேற்தகடு எப்போதும் தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும். எஞ்சினைத் திருப்பி ஏற்றினால் அந்தத் தகடு தண்ணீரை விட்டு வெளியே வந்து, தீயின் சூட்டில் பழுத்து, பெரும் விபத்தாக முடியக்கூடும். ஆகவே பல்சட்டப் பாதையில் ஓடும் எஞ்சினைத் திருப்பும் தேவை அன்றாட வேலையில் எழுவதே இல்லை.

இந்த ஓர் உண்மை உங்கள் இடப்பிரச்சினையைத் தீர்ப்பதோடு நிற்காமல், ஷெட்டின் முழு அமைப்பையும் தீர்மானித்துவிடுகிறது. ஷெட் பாதை நிலையத்தின் எந்தப் பக்கத்திலிருந்து பிரிந்தாலும், உள்ளே வந்து நிற்கும் ஒவ்வொரு எஞ்சினின் புகைபோக்கியும் ஒரே திசையில்தான் இருக்கும். அதனால் கூரைக்குக் கீழே புகையை வாங்கி மேலே அனுப்பும் கூண்டு ஒரே ஒரு இடத்தில் இருந்தால் போதும். கூரைத் தகரத்தில் கரி படிந்து கறுத்திருக்க வேண்டிய இடமும் அதுவே. ஃபயர்பாக்ஸ் மறுமுனையில் இருப்பதால் சாம்பல் விழும் இடமும் மாறாது. நிலக்கரிப் பெட்டி ஓட்டுநர் அறையோடு சேர்ந்து பின்பக்கம் இருப்பதால், நிலக்கரி மேடையும் சாம்பல் குழியும் அருகருகே அமையும். இதே எஞ்சினைப் பல திசைகளில் நிறுத்தும் சமவெளி ஷெட்டுகளில் இப்படி அடுக்கி வைக்க முடியாது; மலையில் மட்டும் கிடைக்கும் இந்த ஒழுங்கை உங்கள் மாதிரியில் கட்டாயம் காட்ட வேண்டும் என்பது என் விருப்பம்.

இனி வேலையின் வரிசையைச் சொல்கிறேன். ரயிலிலிருந்து கழன்று வரும் எஞ்சின் முதலில் வெளியே உள்ள பாதையில் நிற்கும். அங்கே நிலக்கரி ஏற்றுவார்கள். சிறிய ஷெட்டுகளில் அதற்கு இயந்திரம் கிடையாது, கூடைகளில் நிரப்பித் தலைச்சுமையாகக் கொண்டுவந்து கொட்டுவார்கள். ஆகவே உங்கள் நிலக்கரி மேடை ஒரு கல் திண்ணையாக இருந்தாலே போதும். அதன் உயரம் எஞ்சினின் நிலக்கரிப் பெட்டி விளிம்புக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். விளிம்புக்கு மேலே போனால் அது சுரங்கத்து மேடைபோலத் தோன்றும். அதே நிறுத்தத்தில் தண்ணீரும் பிடிக்க முடிந்தால் நேரம் மிச்சமாகும் என்பதால், தண்ணீர் ஊற்றும் தூண்குழாயைப் பக்கவாட்டுத் தொட்டிகளின் வாய்க்கு நேராக அமைப்பார்கள். பிறகு தீயைக் கிளறிச் சாம்பலைக் குழியில் தள்ளி, சாம்பல் தட்டைச் சுத்தம் செய்து, கடைசியில்தான் ஷெட்டுக்குள் கொண்டுபோய் நிறுத்துவார்கள்.

ஷெட்டுக்குள்ளே இருக்கும் குழி வேறு. அதைச் சாம்பல் குழியோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. இந்தப் பாதையின் எக்ஸ் வகை எஞ்சின்கள் 1914 முதல் 1925 வரையிலும், மீண்டும் 1952-லும் ஸ்விட்சர்லாந்தின் வின்டர்தூரில் கட்டப்பட்டவை. அவற்றில் பல்சட்டத்தைக் கவ்வும் பல்சக்கரங்களும் அவற்றுக்கான பிரேக்குகளும் எஞ்சினின் அடியில், அதன் இரண்டு பக்கச் சட்டங்களுக்கும் நடுவில் இருக்கின்றன. பயணிகளின் உயிர் அந்தப் பற்களையும் பிரேக்குகளையும் நம்பியிருப்பதால், ஃபிட்டர் குழிக்குள் இறங்கி, தலைக்கு மேலே அவற்றைத் தொட்டுப் பார்த்துச் சோதிக்கும் வேலையே இந்த ஷெட்டின் முதன்மையான வேலை. ஆகவே உங்கள் ஷெட்டில் எதைக் குறைத்தாலும் இந்தக் குழியைக் குறைக்காதீர்கள். அது எஞ்சினின் நீளத்தைவிட இரண்டு முனைகளிலும் சற்று நீண்டு, இறங்குவதற்குப் படிகளோடு இருக்க வேண்டும்.

நீங்கள் 1960-களைத் தேர்ந்தெடுத்தது நல்ல முடிவு. 2002-ஐ ஒட்டி இந்த எஞ்சின்களை எண்ணெயில் எரியும்படி மாற்றத் தொடங்கினார்கள். பிறகு திருச்சி பொன்மலைப் பட்டறையிலேயே எண்ணெயில் எரியும் புதிய எஞ்சின்களும் கட்டப்பட்டன. அந்தக் காலத்துக்கு மாதிரி செய்தால் நிலக்கரி மேடையும் சாம்பல் குழியும் பொருளிழந்துவிடும். எண்ணெய்த் தொட்டியும் குழாயும் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

மணல் அறையையும் மறக்க வேண்டாம். ஈரமான தண்டவாளத்தில் சக்கரம் வழுக்காமலிருக்க எஞ்சினுக்கு நன்கு உலர்ந்த மணல் வேண்டும். மூடுபனி நாள் முழுவதும் நிற்கும் ஊரில் மணலை அடுப்பில் வறுத்துத்தான் உலர்த்த முடியும். ஒரு சிறு தகரக் கொட்டகை, அதன் மேல் ஒரு குட்டையான புகைக்குழாய், வாசலில் ஒரு மணல் குவியல், இவ்வளவு போதும்.

மறுமொழி: குன்னூர்_கைவினை

ஃபிட்டர் ஐயா சொன்னதற்குப் பிறகு அமைப்பைப் பற்றி நான் சேர்ப்பதற்கு எதுவும் இல்லை. பொருள்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

நம் ஊரில் முதல் எதிரி ஈரம். சாதாரண அட்டையும், மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையும் கோயம்புத்தூரில் ஆண்டுக்கணக்கில் நேராக நிற்கும். இங்கே வடகிழக்குப் பருவமழை முடிவதற்குள் விளிம்பு ஊதி, சுவர் வளைந்துவிடும். எம்.டி.எஃப். பலகையில் லேசர் கொண்டு வெட்டிய துண்டுகளைப் பயன்படுத்துவதாக இருந்தால், முன்பக்கம், பின்பக்கம், குறிப்பாக வெட்டு விளிம்புகள் அனைத்திலும் அரக்கு வார்னிஷ் பூசி உலர்த்திய பிறகே ஒட்ட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பூசினால், பூசாத பக்கம் ஈரத்தை இழுத்துத் தகட்டை வில்லாக வளைத்துவிடும். என் தேர்வு ஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக் தகடுதான். விலை கூடுதல் என்றாலும் அது ஈரத்தை உறிஞ்சுவதில்லை, கத்தியால் கீறி மடக்கினால் நேர்க்கோட்டில் ஒடிகிறது, கரைப்பான் பசையில் துண்டுகள் ஒன்றோடொன்று உருகிச் சேர்கின்றன. மாவுப் பசையை எதற்கும் பயன்படுத்தாதீர்கள். இங்கே அது பூஞ்சையை வளர்க்கும்.

சுவருக்கு 1.5 மில்லிமீட்டர் ஸ்டைரீனை உட்கூடாக வைத்து, அதன் மேல் காற்றில் உலரும் களிமண்ணை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமனில் பரப்பி, பாதி காய்ந்த நிலையில் கல் வரிகளைக் கீறும் முறையையே பரிந்துரைக்கிறேன். களிமண் பிடித்துக்கொள்வதற்காக ஸ்டைரீன் மேற்பரப்பை முதலில் உப்புத்தாளால் நன்றாகச் சுரண்டிவிட வேண்டும். அச்சடித்த கல் தகடுகளில் ஒரே வடிவம் சில சென்டிமீட்டருக்கு ஒருமுறை திரும்ப வரும். கையால் கீறிய சுவரில் அந்தக் குறை இல்லை. 15 முதல் 30 சென்டிமீட்டர் உயரமுள்ள கற்கள் இந்த அளவில் 1.7 முதல் 3.4 மில்லிமீட்டர் வரை வரும். மூலைகளில் மட்டும் பெரிய, சதுரமாகக் கொத்திய கற்களை ஒன்றுவிட்டு ஒன்று மாற்றி அடுக்கியதுபோலக் கீறுங்கள். கொத்தனார் சுவரை எழுப்பும் முறை அதுதான். கதவு, சன்னல்களுக்கு மேலே கல் உத்திரமோ வளைவோ இல்லாமல் வெறும் ஓட்டையாக விட்டால், எவ்வளவு அழகாக வண்ணம் பூசினாலும் சுவர் அட்டையாகவே தெரியும்.

நிறத்தில் பலர் கருங்கல் என்ற பெயரை நம்பிக் கறுப்பைத் தூக்கிவிடுகிறார்கள். வெயிலும் மழையும் பட்ட கல்சுவர் சாம்பல் நிறமாகத்தான் தெரியும், அதில் ஆங்காங்கே பழுப்பு ஓடும். முதலில் முழுச் சுவருக்கும் வெளிர் சாம்பல், பிறகு தனித்தனிக் கற்களுக்கு இரண்டு மூன்று நெருங்கிய நிறங்கள், கடைசியில் நீர்த்த கரும்பழுப்பை இடுக்குகளில் ஓடவிட்டுத் துடைத்தெடுத்தல் என்ற வரிசையில் போனால் சரியாக வரும். தரையை ஒட்டிய ஓரிரு வரிசைகளில் பாசியின் மங்கிய பச்சை இருக்கட்டும். வெயில் குறைவாகப் படும் வடக்குச் சுவரில் அது சற்று உயரமாக ஏறட்டும்.

இப்போது கூரை. உண்மையான நெளித்தகரத்தில் ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடைவெளி ஏறத்தாழ 75 மில்லிமீட்டர்; நம் அளவில் அது 0.86 மில்லிமீட்டர். வன்பொருள் கடையில் கிடைக்கும் எம்5 (5 மில்லிமீட்டர் விட்டமுள்ள) திருகுக் கம்பியின் புரி இடைவெளி 0.8 மில்லிமீட்டர் என்பதை இங்கே பயன்படுத்திக்கொள்ளலாம். பேக்கரியில் கேக் வைத்துத் தரும் அலுமினியத் தட்டின் தட்டையான அடிப்பகுதியை வெட்டியெடுத்து, ஒரு ரப்பர் விரிப்பின் மேல் வைத்து, அதன் மேல் அந்தக் கம்பியை அழுத்தி உருட்டினால் நெளிவு பதிந்துவிடுகிறது. புரி என்பது வட்டமாக இல்லாமல் சுருளாக ஓடுவதால், பதியும் நெளிவும் சுமார் 3 டிகிரி சாய்ந்திருக்கும். ஆகவே தகட்டின் விளிம்பைப் பார்த்து வெட்டாமல், நெளிவின் திசைக்கு இணையாக அளவுகோலை வைத்து வெட்ட வேண்டும்.

வெட்டும் அளவும் முக்கியம். முழுக் கூரையையும் ஒரே தகடாக வைத்தால் எந்தக் கண்ணும் நம்பாது. 8 அடித் தகரம் நம் அளவில் 28 மில்லிமீட்டர் நீளம், அகலம் ஏறத்தாழ 7 மில்லிமீட்டர். அத்தகைய துண்டுகளை நூற்றுக்கணக்கில் வெட்டி, இறவாரத்திலிருந்து தொடங்கி மேல்நோக்கி, ஒவ்வொரு வரிசையும் கீழ்வரிசையின் மேல் 1.5 மில்லிமீட்டருக்கு ஏறும்படி ஒட்டுங்கள். பொறுமையைச் சோதிக்கும் வேலை இது. ஆனால் உங்கள் அமைப்பை நின்றபடி பார்ப்பவர்களுக்கு முதலில் தெரிவது கூரைதான் என்பதால், செலவிடும் நேரம் அனைத்தும் கூரையில் தெரியும். முகட்டை உயர்த்தி, இரண்டு பக்கமும் புகை வெளியேறத் திறப்பு விடுங்கள். அலுமினியத்தில் நேரடியாக வண்ணம் பிடிக்காது. உலோகத்துக்கான ப்ரைமரை முதலில் அடித்தாக வேண்டும். துரு எல்லா இடத்திலும் வராது. தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்திலும், ஆணி வரிசையிலும், இறவார விளிம்பிலும்தான் அது தொடங்கும். ஃபிட்டர் ஐயா குறிப்பிட்ட கரிக்கறை, புகை வெளியேறும் திறப்பைச் சுற்றி மட்டும்.

ஸ்ப்ரே வண்ணத்தையும் வார்னிஷையும் பனி இறங்கும் நாளில் அடிக்க வேண்டாம். காற்றிலுள்ள ஈரம் உலரும் படலத்துக்குள் சிக்கி, பால் கலந்ததுபோல வெளுத்துவிடும். தை பிறந்து பங்குனி முடியும் வரையிலான வெயில் நாள்களில், முற்பகலில் அடித்துவிடுவது நல்லது.

மறுமொழி: கோத்தகிரி_வரைபடம்

தண்ணீர்த் தொட்டியைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. எல்லா மாதிரிகளிலும் உயரமான தூண்களின் மேல் தொட்டியைப் பார்த்துப் பழகிவிட்டதால், நீங்களும் அப்படியே செய்துவிடுவீர்களோ என்று அஞ்சுகிறேன். சமவெளியில் தண்ணீருக்கு வேண்டிய உயரத்தைத் தூண்களால்தான் பெற முடியும். மலையில் அந்த உயரம் ஷெட்டுக்குப் பின்னாலேயே இருக்கிறது. ஓடையிலிருந்து வரும் குழாய் மேட்டிலுள்ள தொட்டியில் விழ, அங்கிருந்து தண்ணீர் தன் எடையாலேயே எஞ்சினுக்கு இறங்கினால் போதும். ஆகவே பின்னணிச் சரிவில், ஷெட் கூரையின் உயரத்துக்கு ஒரு சிறு மேடை வெட்டி, குட்டையான கல் பீடத்தின் மேல் தொட்டியை உட்கார வையுங்கள். கீழே விலைமதிப்புள்ள இடமும் மிச்சமாகும்.

தொட்டிக்கு 4 அடிச் சதுரத் தகடுகளைப் போல்ட்டால் இணைத்த வகையைத் தேர்ந்தெடுத்தால் கணக்கு எளிது; ஒரு தகடு நம் அளவில் 14 மில்லிமீட்டர். நீளத்தில் 3, அகலத்தில் 2, உயரத்தில் 1 என்று வைத்தால் 42, 28, 14 மில்லிமீட்டரில் ஒரு தொட்டி கிடைக்கும். உண்மையளவில் அது ஏறத்தாழ 10,900 லிட்டர் கொள்ளும். சிறிய ஷெட்டுக்கு அது பொருத்தமாகத் தோன்றும். தூண்குழாய்க்கு 2 மில்லிமீட்டர் பித்தளைக் குழாயையும், அதன் நுனியில் தொங்கும் தோல் பைக்குப் பசையில் நனைத்துச் சுருக்கிய டிஷ்யூ தாளையும் பயன்படுத்தலாம்.

ஷெட் நிற்கும் தளம் மட்டமாக இருக்க வேண்டும் என்பதால் மலையை வெட்டித்தான் அந்த இடத்தை எடுத்திருப்பார்கள். அப்படியானால் பின்னால் ஒரு தாங்குசுவர் கட்டாயம் உண்டு. அந்தச் சுவர் மலைப்பக்கம் சற்றே சாய்ந்து நிற்க வேண்டும். அதில் தண்ணீர் கசிந்து வெளியேறும் துளைகளை 20 மில்லிமீட்டருக்கு ஒன்றாக, வரிசை மாற்றி வையுங்கள். ஒவ்வொரு துளைக்குக் கீழேயும் ஈரக்கறை, அதில் ஒரு சில பெரணிகள். சுவருக்கு மேலே தேயிலைச் செடிகளை 7 முதல் 9 மில்லிமீட்டர் உயரத்தில், மேற்பரப்பு கத்தரித்ததுபோலத் தட்டையாக இருக்கும்படி வைக்க வேண்டும். யூகலிப்டஸ் மரங்களை அளவுக்குச் சரியாகச் செய்தால் அரை மீட்டர் உயரம் போய்விடும். பின்னணிப் பலகையின் மேல்விளிம்புக்கு வெளியே உச்சி மறையும்படி, வெளிறிய அடிமரங்களை மட்டும் நிறுத்தினால் காடு பெரிதாகத் தோன்றும்.

மறுமொழி: வெலிங்டன்_மீட்டர்கேஜ்

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. வட்டமேசையை நீக்கிவிட்டுக் காகிதத்தில் மீண்டும் வரைந்து பார்த்தேன். ஒற்றைப் பாதை கொண்ட ஷெட், அதற்கு வெளியே சாம்பல் குழி, அதன் ஒரு பக்கம் நிலக்கரித் திண்ணை, மறுபக்கம் தூண்குழாய், ஓரத்தில் மணல் கொட்டகை, பின்னால் தாங்குசுவர், மேட்டில் தொட்டி என்று எல்லாம் இடைவெளியோடு அமைகின்றன. புகைபோக்கி எப்போதும் ஒரே பக்கம் என்ற செய்தி எனக்குப் புதியது. அதை அறிந்தபின் ஒவ்வொன்றுக்கும் இடம் குறிப்பது எளிதாகிவிட்டது.

குழியைப் பற்றி இன்னும் ஒரு சந்தேகம் இருக்கிறது. தண்டவாளத்துக்கு அடியில் ஸ்லீப்பர் என்ற குறுக்குக் கட்டை இல்லாத நிலையில், 12 மில்லிமீட்டர் இடைவெளி மாறாமல் எப்படிக் காப்பது? பாதையில் மின்சாரம் ஓடுவதால் இரண்டு தண்டவாளங்களையும் உலோகத்தால் இணைக்கவும் முடியாது. அடிப்பலகை 18 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகை.

மறுமொழி: குன்னூர்_கைவினை

குழியைத் தனிப் பெட்டியாகக் கட்டி, பலகையில் வெட்டிய திறப்புக்குள் இறக்கிவிடுங்கள். ஒரு மீட்டர் ஆழம் நம் அளவில் 11.5 மில்லிமீட்டர் என்பதால் அடித்தகட்டோடு சேர்த்தும் உங்கள் பலகையின் தடிமனுக்குள் அடங்கிவிடும். உள்ளகலம் 10 மில்லிமீட்டர். பக்கச் சுவர்களுக்கு 1.5 மில்லிமீட்டர் ஸ்டைரீனை இரண்டு அடுக்காக ஒட்டி 3 மில்லிமீட்டர் ஆக்கினால், தண்டவாளம் அந்தச் சுவரின் மேல்முகத்திலேயே உட்காரும். தண்டவாளத்துக்குக் குறியீடு 55 (Code 55) வகையை எடுத்துக்கொள்ளுங்கள், அதன் 1.4 மில்லிமீட்டர் உயரம் உண்மையளவில் சுமார் 122 மில்லிமீட்டருக்கு வருகிறது. மலைப்பாதையின் தண்டவாளத்துக்கு அது சற்றுப் பெரியதுதான், ஆனாலும் எளிதில் கிடைப்பவற்றில் மிக நெருக்கமானது.

இடைவெளி மாறாமலிருக்க, சுவரின் மேல்முகத்தில் 20 மில்லிமீட்டருக்கு ஒரு துளையிட்டு, அதில் மெல்லிய பித்தளை ஆணிகளைத் தலை மட்டும் வெளியே தெரியும்படி இறக்கி, தண்டவாளத்தின் அடியை அந்தத் தலைகளோடு பற்றவைத்துவிடலாம். ஆணிகள் தனித்தனியாக ஸ்டைரீனுக்குள் நிற்பதால் இரண்டு பக்கத்துக்கும் மின்தொடர்பு ஏற்படாது. பற்றவைக்கும் சூட்டில் ஸ்டைரீன் இளகக்கூடும். ஆகவே பற்றுவைப்புக் கோலை ஓரிரு நொடிக்கு மேல் வைக்காமல், ஒரு ஆணி இங்கே, அடுத்தது தொலைவில் என்று மாற்றி மாற்றிச் செய்யுங்கள். முதலில் ஒரு பக்கத் தண்டவாளத்தை முழுவதும் முடித்துவிட்டு, சரியாக 12 மில்லிமீட்டருக்கு அராவிய இரண்டு பித்தளைக் கட்டைகளை இடையில் வைத்து மறுபக்கத்தை இணைக்க வேண்டும். முடிந்ததும் ஒரு பெட்டி வண்டியைக் கையால் மெதுவாக உருட்டி, எங்கேனும் தடை படுகிறதா என்று பாருங்கள்.

ஷெட்டுக்குள் இருக்கும் குழிக்கு வெளிச்சம் வைத்தால் அந்த உழைப்பு கண்ணில் படும். சுவரில் இரண்டு மாடங்கள் விட்டு, மஞ்சள் நிறத்தில் எரியும் மிகச்சிறிய எல்.இ.டி. விளக்குகளைப் பொருத்துங்கள். 12 வோல்ட்டுக்கு ஒவ்வொன்றுக்கும் 10 கிலோ ஓம் மின்தடை சேர்த்தால் அடங்கிய ஒளியாக எரியும். கூரையை ஒட்டாமல், தூக்கி எடுக்கும்படி விட்டுவிட்டால் விளக்கையும் குழியையும் பின்னாளில் பழுதுபார்க்கலாம்.

மறுமொழி: மேட்டுப்பாளையம்_ஃபிட்டர்

வெளிச்சத்தைப் பற்றிய யோசனை மிகச் சரியானது. குழிக்குள் வேலை செய்பவனுக்கு எஞ்சின் மேலே நிற்கும்போது பகலிலும் இருட்டுதான்.

குழியின் நிறத்தைப் பற்றி இரண்டு செய்திகள் சொல்லிவிடுகிறேன். சாம்பல் குழியும் ஷெட்டுக்குள் இருக்கும் குழியும் ஒரே நிறத்தில் இருக்கக் கூடாது. சாம்பல் குழியின் சுவர் சூட்டில் வெந்து, வெளுத்து, விளிம்புகள் உதிர்ந்திருக்கும். தரையில் சாம்பலும் பாதி எரிந்த கரியும் தண்ணீரோடு சேர்ந்து கிடக்கும். ஷெட்டுக்குள் இருக்கும் குழியிலோ எண்ணெயும் கிரீஸும் சொட்டிச் சொட்டிச் சுவர் கறுத்துப் பளபளக்கும். அதில் மட்டும் பளபளப்பான வார்னிஷ் தொடுங்கள், மற்ற எல்லா இடத்திலும் மங்கலானதே பொருந்தும். குழியின் தரை ஒரு முனையை நோக்கிச் சற்றுச் சாய்ந்து, அங்கே ஒரு சிறு தொட்டியில் அழுக்குத் தண்ணீர் சேரும்படி இருக்கட்டும்.

சாம்பலை அள்ளி எங்கே போடுவார்கள் என்பதையும் யோசித்து வையுங்கள். குழியிலிருந்து மண்வெட்டியால் மேலே எறிந்து, காய்ந்த பிறகு வண்டியில் ஏற்றி அகற்றுவார்கள். ஆகவே குழியின் ஒரு பக்கத்தில், நிலக்கரித் திண்ணைக்கு எதிர்ப்புறம், ஒரு நீளமான சாம்பல் குவியல் எப்போதும் இருக்கும். உண்மையான சாம்பலைத் தூவிப் பசை ஊற்றினால் ஈரத்தில் கறுத்து நிறம் மாறிவிடும் என்று இங்குள்ள ஒரு நண்பர் சொன்னார். வண்ணப் பொடியில் செய்வதே நல்லது என்பது அவர் கருத்து. நிலக்கரிக்கு அடுப்புக்கரியை நுணுக்கித் தேயிலை வடிகட்டியில் சலித்து, ஒரு மில்லிமீட்டர் அளவில் தங்கும் துண்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். கூடையில் அள்ளும் கட்டிகள் அந்த அளவில்தான் இருக்கும். தூண்குழாய்க்கு அடியில் தரை எப்போதும் நனைந்திருக்கும் என்பதால் அங்கே கரித்தூளோடு சேறும் வேண்டும், அதை வடிக்க ஒரு சிறிய கல் வாய்க்காலும் வேண்டும்.